ஐம்பது கையெழுத்தும் ஓர் உறுப்பினரும்: புனேயின் பொதுவாழ்வு வரலாறு

ஊரிலிருந்து வரும் உறவினர்களைப் பார்வதி மலைக்கு அழைத்துப் போகாத தமிழ்க் குடும்பம் புனேயில் அநேகமாக இருக்காது. நானாசாகேப் பேஷ்வா கட்டிய தேவதேவேஸ்வரர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, மேலே நின்று நகரத்தைப் பார்த்து, படியிறங்கி வருவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம். இந்தியாவின் மிகப் பழைய அரசியல் அமைப்புகளில் ஒன்று அந்தக் கோயிலின் நிர்வாகத் தகராறில் பிறந்தது என்பதை நம் இளைய தலைமுறையினரில் பலர் அறியார். ஆகவே, நாம் வாழும் இந்நகரின் குடிமக்கள், தங்கள் கருத்துக்கு ஒத்தவர்களை அடையாளம் கண்டு சபைகளுக்கு அனுப்பக் கற்றுக்கொண்ட வரலாற்றை இந்த மலரில் முறையாகப் பதிவு செய்வது நம் கடமையாகிறது.

பேஷ்வாக்களின் ஆட்சி 1818-இல் முடிந்தது. பார்வதி சமஸ்தானத்துக்குரிய மானியத்தை ஆங்கிலேய அரசு தொடர்ந்து வழங்கியது. நிர்வாகத்தை ஒரு பஞ்சாயத்துக் குழு கவனித்துவந்தது. 1860களின் இறுதியில் அந்தக் குழுவின் நடைமுறை குறித்து ஊரில் முணுமுணுப்பு எழுந்து, பிறகு அது வெளிப்படையான புகாராயிற்று. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அரசிடம் முறையிடுவது என்றால், முறையிடுபவர் யார், அவருக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது என்ற கேள்வி வருமே என்று ஒரு வழக்கறிஞர் நினைத்தார். சாதாராவிலிருந்து வந்து புனேயில் வக்கீல் தொழில் செய்துவந்த கணேஷ் வாசுதேவ் ஜோஷி அவர். பொதுக்காரியம் எதுவானாலும் முன்னால் நின்றதால் 'சார்வஜனிக் காகா', அதாவது பொதுமக்களின் சித்தப்பா, என்று ஊரே அவரை அழைத்தது.

காகா கண்ட வழி எளிமையானது. 1870 ஏப்ரல் 2-ஆம் நாள் தொடங்கப்பட்ட பூனா சார்வஜனிக் சபாவில் உறுப்பினராக விரும்புபவர், குறைந்தது ஐம்பது பேர் கையொப்பமிட்ட முக்தியார்நாமாவைக் கொண்டுவர வேண்டும். வழக்கு மன்றத்தில் கட்சிக்காரர் தம் வக்கீலுக்கு எழுதிக் கொடுப்பது போன்ற அதிகாரப் பத்திரம் அது. 'எங்கள் சார்பில் பேச இவரை நியமிக்கிறோம்' என்று ஐம்பது பேர் எழுத்தில் தந்தால்தான் ஒருவர் சபைக்குள் கால் வைக்கலாம். தொடக்கத்தில் 95 உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 6,000 பேரின் கையெழுத்து இருந்தது. ஔந்து சமஸ்தானத்தின் பந்த் பிரதிநிதி முதல் தலைவரானார்.

நாட்டில் எந்தச் சட்டசபைக்கும் இந்தியர் வாக்களித்து உறுப்பினரை அனுப்பும் முறை இல்லாத காலம் அது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அதற்கு முன்பே சங்கங்கள் இருந்தன. ஆனால் அங்கெல்லாம் சந்தா கட்டியவர் உறுப்பினர். புனேயில் கையெழுத்து பெற்றவர் உறுப்பினர். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே காகாவுக்கு நம் வணக்கம் உரியது.

1871-இல் மகாதேவ கோவிந்த ரானடே புனேக்கு நீதிபதியாக மாற்றலாகி வந்தார். காகாவின் உழைப்பும் ரானடேயின் அறிவும் சேர்ந்த பத்தாண்டுகள் சபையின் பொற்காலம். ரானடே அரசு ஊழியர். மேடையில் முன்னிற்க முடியாது. எழுத முடியும். சபையின் மனுக்களிலும் அறிக்கைகளிலும் அவர் கை இருந்தது. 1873-இல் சபை அமைத்த குழு மராட்டிய உழவர்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியருக்கு நேரடிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற மனுவும் அந்தப் பத்தாண்டின் நடுவில் லண்டனுக்குப் போயிற்று. 1878-இல் தொடங்கிய சபையின் காலாண்டிதழில் பெரும்பகுதி ரானடேயின் கட்டுரைகளே. காகாவின் துணைவியார் சரஸ்வதிபாய் பெண்களுக்காக 'ஸ்திரீ விசாரவதி சபா' என்ற அமைப்பை நடத்தியதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் குங்குமத்துக்குப் பெண்களை அழைத்து அப்படியே ஊர் விஷயத்தையும் பேசிய கூட்டங்கள் அவை.

காகாவின் தியாகத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1872 ஜனவரியில், இனிக் கையால் நூற்ற துணியை மட்டுமே உடுத்துவேன் என்று அவர் விரதம் பூண்டார். காந்தியடிகளுக்கு அப்போது வயது இரண்டு. 1877 ஜனவரியில் விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினியாக முடிசூடியதாக டில்லியில் பெரும் தர்பார் நடந்தது. மன்னர்களும் நவாப்களும் பட்டும் ஜரிகையுமாகப் பந்தலில் வரிசை கட்டியிருந்தார்கள். அங்கே சபையின் பிரதிநிதியாக வெள்ளைக் கதராடையில் போய் நின்றார் காகா. பிரிட்டிஷ் குடிமக்களுக்குள்ள அரசியல், சமூக நிலை இந்திய மக்களுக்கும் வேண்டும் என்ற விண்ணப்பத்தை அவர் அங்கே சமர்ப்பித்தார். இரண்டாண்டு கழித்து வாசுதேவ் பல்வந்த் பட்கே அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்திப் பிடிபட்டபோது, அவருக்காக வழக்காட முன்வந்தவரும் காகாதான். அப்படி முன்வருவது அன்று எத்தனை ஆபத்து என்பதை ரானடேக்கு நேர்ந்ததைக் கொண்டு அறியலாம். சந்தேகத்தின் பேரில் அரசு அவரை நாசிக்குக்கும் பிறகு துலேக்கும் மாற்றியது.

தர்பார் நடந்த அதே வேளையில் தக்காணமும் தென்னாடும் பசியில் கிடந்தன. நம் பாட்டன்மார் 'தாது வருஷத்துப் பஞ்சம்' என்று சொல்லிவந்தது இதைத்தான். சபை தன் ஆட்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, எங்கே மழை இல்லை, எங்கே கால்நடை செத்தது, நிவாரணக் களத்தில் என்ன கூலி என்று விவரம் திரட்டி அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் தொடர்ந்து எழுதியது. அந்தப் பஞ்சத்தில் இரண்டு வெள்ளையர் பெயர் சென்னை மாகாணத்தில் அடிபட்டது. ஒருவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். வைஸ்ராயின் பஞ்சப் பிரதிநிதியாக வந்து, நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தவர். மற்றவர் வில்லியம் டிக்பி; 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்து, நிவாரண நிதிக்குச் செயலாளராக உழைத்து, பஞ்சத்தின் வரலாற்றையும் எழுதி வைத்தவர். டெம்பிள் 1877-இலேயே பம்பாய் ஆளுநரானார். புனேயின் படித்த வகுப்பாரை அவர் சந்தேகக் கண்ணோடே பார்த்தார். இவ்விருவரும் மீண்டும் வருவார்கள்.

1880 ஜூலையில் காகா மறைந்தார். சபையின் பணி நிற்கவில்லை. ரிப்பன் பிரபு 1882-இல் தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டபோது, நகராட்சிகளுக்குத் தேர்தல் வழியே உறுப்பினர் வர வேண்டும் என்ற கருத்தை ஆதரித்துச் சபை உழைத்தது. 1884-இல் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார், பி. ஆனந்தாசார்லு ஆகியோர் சென்னை மகாஜன சபையைத் தொடங்கினார்கள். புனே, சென்னை, பம்பாய், கல்கத்தா என்று மாகாணந்தோறும் சபைகள் நிலைபெற்றுவிட்டன. அடுத்த ஆண்டு அவை கைகோத்துச் செய்த காரியம் நம் பொருளுக்கு நேரடியாக உரியது.

1885-இன் இறுதியில் பிரிட்டனில் பொதுத்தேர்தல் வந்தது. இந்தியருக்கு அங்கே ஒரு வாக்கும் கிடையாது. ஆனாலும் இந்தியாவை ஆளும் சட்டங்கள் அந்த நாடாளுமன்றத்தில்தானே இயற்றப்படுகின்றன? அப்படியானால் இந்தியாவுக்கு நண்பர் யார், பகைவர் யார் என்று பிரிட்டிஷ் வாக்காளருக்கு நாமே சொல்லிவிடுவோம் என்று இந்தியச் சபைகள் துணிந்தன. செப்டம்பரில் பம்பாய்ப் பிரசிடென்சி அசோசியேஷன் கூட்டிய பொதுக்கூட்டத்தில் வேட்பாளர்களின் பெயர்களையே சொல்லித் தீர்மானங்கள் வந்தன. ஆதரிக்க வேண்டியவர்களில் ஜான் பிரைட், டெப்ட்ஃபோர்டில் நின்ற வங்காளியான லால்மோகன் கோஷ், வில்ஃப்ரிட் பிளண்ட், நம் பஞ்சகாலத்து டிக்பி ஆகியோர் இருந்தார்கள். இவர்கள் சொல்வது இந்தியரின் கருத்தாகாது என்று ஒதுக்கப்பட்டவர்களில் டெம்பிள் இருந்தார். சொந்த நாட்டில் ஓட்டுரிமை இல்லாத மக்கள், ஆளும் நாட்டின் தேர்தலில் வேட்பாளர்களைத் தரம் பிரித்துச் சொன்ன இந்தச் செயலுக்கு உலக வரலாற்றிலேயே ஈடு அரிது என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

தாளில் எழுதி அனுப்பினால் போதாது என்று மூவர் கப்பலேறினார்கள். பம்பாய் மாகாணத்தின் சார்பில் நாராயண் கணேஷ் சந்தாவர்க்கர், வங்காளத்தின் சார்பில் மன்மோகன் கோஷ், சென்னையின் சார்பில் சேலம் ராமசாமி முதலியார். கடல் தாண்டினால் சாதிப் பிரஷ்டம் என்று இருந்த காலம். மூவரும் இங்கிலாந்தின் நகரங்களில் மேடையேறி, இந்திய வரிச்சுமையையும் பஞ்சத்தையும் படித்தவர்க்கு வேலை மறுக்கப்படுவதையும் ஆங்கில வாக்காளர்களுக்கு நேரில் எடுத்துச் சொன்னார்கள். முதலியாரை இன்று சேலத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு விழா எடுக்கலாம்.

தேர்தல் முடிவு ஏமாற்றமே. பிரைட் வென்றார். லால்மோகன் கோஷ் தோற்றார், டிக்பி தோற்றார், பிளண்டும் தோற்றார். டெம்பிள் ஈவ்ஷம் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். ஆனால் விதை வீண்போகவில்லை. ஏழு ஆண்டு கழித்து, 1892-இல், தாதாபாய் நௌரோஜி சென்ட்ரல் ஃபின்ஸ்பரி தொகுதியில் ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது, அந்த வெற்றிக்கு முன்னோடியாக இந்தத் தோல்வி நின்றது.

அதே 1885 டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாட்டைப் புனேயில் நடத்துவதென்றும், சார்வஜனிக் சபாவே விருந்தோம்புவதென்றும் முடிவாகியிருந்தது. ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கையில் நகரில் காலரா பரவியது. மாநாடு பம்பாய்க்கு மாற்றப்பட்டு, டிசம்பர் 28 அன்று கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் 72 பேருடன் கூடியது. முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் சுப்பிரமணிய ஐயர். சந்தாவர்க்கர் இங்கிலாந்திலிருந்து திரும்பியதும் அதே நாளில்தான். 1900-இல் லாகூர் காங்கிரஸுக்கு அவரே தலைவரானார்.

வளரும் அமைப்புக்கு உள்பூசல் இயல்பு. அதை மறைக்க வேண்டியதில்லை. மகாத்மா ஜோதிராவ் புலே, உழவரையும் உழைப்பவரையும் அறியாத மேல்சாதியார் அவர்கள் பெயரில் பேசுகிறார்கள் என்று சபையை நேருக்கு நேர் கண்டித்தார். 1873-இல் அவர் தொடங்கிய சத்திய சோதக் சமாஜம் புனேயின் இரண்டாவது பெருமரபு. கையெழுத்துப் போட்ட 6,000 பேரில் எத்தனை பேர் ஏர் பிடித்தவர்கள் என்ற புலேயின் கேள்விக்குச் சபையிடம் நல்ல பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைப் புனே கண்டடைய எண்பது ஆண்டுகள் பிடித்தன.

சபைக்குள்ளும் பிளவு வந்தது. 1890 முதல் செயலாளராக இருந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. 1895-இல் நடந்த நிர்வாகத் தேர்தலில் பால கங்காதர திலகரின் அணி பெரும்பான்மை பெற்றது. ரானடேயும் கோகலேயும் விலகி, 1896-இல் டெக்கான் சபாவைத் தொடங்கினார்கள். திலகர் அதே 1895-இல் பம்பாய்ச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1896-இல் மீண்டும் பஞ்சம். பஞ்ச விதிகளின்படி வரித் தள்ளுபடி கேட்க உழவர்க்கு உரிமை உண்டு என்று சபையின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். அரசு பொறுக்கவில்லை. 1897 மார்ச்சில், இனி இந்தச் சபையின் விண்ணப்பம் எதையும் ஏற்பதில்லை என்று அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. பிளேக் பரவிய ஆண்டும் அதுவே. ராஜத்துரோக வழக்கில் திலகர் சிறை சென்ற ஆண்டும் அதுவே. ஒரே ஆண்டில் இத்தனை அடிகளைத் தாங்கிய அமைப்புகள் அதிகம் இருக்க முடியாது.

அந்தப் பிளவின் நடுவே நமக்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சி உண்டு. 1896-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் புனேயில் பொதுக்கூட்டம் போட வேண்டும் என்று கேட்டார். அவரிடம் உதவி தேடி வந்தவர்களில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர்களும் இருந்தார்கள். திலகர் அவரிடம், எந்த அணியையும் சேராத ஒருவர் தலைமை வகித்தால்தான் இரண்டு சபைகளும் வரும், பேராசிரியர் பண்டார்க்கரைப் போய்ப் பாருங்கள் என்றார். கோகலேயும் அதையே சொன்னார். ராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கர் தலைமையில் கூட்டம் நடந்தது. அடுத்து அந்த வழக்கறிஞர் சென்னைக்கு ரயிலேறினார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்ற பெயர் புனேக்கு அறிமுகமான விதம் இது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளைச் சுருக்கமாகவே கடக்கலாம், பாடப்புத்தகங்களில் உள்ளவைதாம். 1905-இல் கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைப் புனேயில் நிறுவினார். 1915-இல் அவர் மறைந்தபின் அதன் தலைமை வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாருக்கு வந்தது தமிழர்க்குப் பெருமை. 1920 ஏப்ரலில் திலகர், வரவிருந்த தேர்தலுக்காகக் காங்கிரஸ் ஜனநாயகக் கட்சியின் தேர்தல் அறிக்கையை வெளியிட்டார். நான்கு மாதத்துக்குள் காலமானார். 1932 செப்டம்பர் 24-இல் எரவாடாச் சிறையில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் ராஜாஜியும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். தாழ்த்தப்பட்ட மக்களுக்கான தொகுதிகளை 148 ஆக்கிய அந்த ஒப்பந்தத்தில், வேட்பாளர் நால்வரை அந்த மக்களே முதற்கட்டத் தேர்தலில் பொறுக்கியெடுக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது.

புலேயின் மரபு இதற்கிடையே வேரூன்றி வளர்ந்தது. அதன் புனே முகம் கேசவராவ் ஜேதே. 1925-இல் புலேக்குச் சிலை வைக்க வேண்டும் என்று நகராட்சியில் கேட்டுத் தோற்றவர் அவர். பின்னாளில் காகாசாகேப் காட்கிலும் அவரும் சேர்ந்து உழவர் பெருங்கூட்டத்தைக் காங்கிரஸுக்குள் கொண்டுவந்தார்கள். 1950-இல் புனே மாநகராட்சியானது. அந்தக் காலத்து மாநகராட்சித் தேர்தல்களில், ஊர்க் காரியத்தில் கட்சி எதற்கு என்று சொல்லி 'நாகரி சங்கடனா' என்ற குடிமக்கள் அணி களம் கண்டதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

இனி நாம் நின்று பேச வேண்டிய இடம் வருகிறது. மொழிவாரி மாநிலக் கேள்வியில், மராத்தி பேசும் பகுதிகளைப் பம்பாய் நகருடன் ஒரே மாநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு 1955-இன் மறுசீரமைப்பு ஆணையம் இசையவில்லை. 1956 ஜனவரியில் பம்பாய் மத்திய ஆட்சிப் பகுதியாகும் என்று நேரு அறிவித்தார். பம்பாயில் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. இந்தப் போராட்டத்தில் உயிர் நீத்தவர்கள் 105 பேர் என்று மராட்டியம் இன்றும் கணக்குச் சொல்கிறது. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் பதவியைத் துறந்தார். இந்தச் சூழலில் 1956 பிப்ரவரி 6 அன்று புனேயில், கேசவராவ் ஜேதேயின் தலைமையில் கூடிய கூட்டத்தில் சம்யுக்த மகாராஷ்டிர சமிதி பிறந்தது. கம்யூனிஸ்டான எஸ்.ஏ. டாங்கே தலைவர், சோஷலிஸ்டான எஸ்.எம். ஜோஷி செயலாளர்.

சமிதியில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொன்னால்தான் அதன் அருமை விளங்கும். பிரஜா சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், உழவர் தொழிலாளர் கட்சியினர், அம்பேத்கரின் பட்டியலின மக்கள் சம்மேளனத்தார், இந்து மகாசபையினர், ஜனசங்கத்தார். வேறு எந்தக் காரியத்துக்கும் ஒரே பந்தலில் உட்காராதவர்கள். புலேயின் வழிவந்தவரும் திலகரின் ஊர்க்காரர்களும் ஒரே மேடையில் அமர்ந்தது புனேக்குப் புதுக் காட்சி. எண்பது ஆண்டுக்கு முன் புலே எழுப்பிய கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. மக்கள் பாடகர்களான ஷாஹிர் அமர் ஷேக்கும் அண்ணாபாவு சாட்டேயும் டஃப் பறை கொட்டிப் பாட, ஆலைத் தொழிலாளியும் கரும்பு உழவரும் பேராசிரியரும் ஒரே கூட்டத்தில் நின்று கேட்டார்கள். எழுத்தாளர் ஆச்சார்ய அத்ரே 1956 நவம்பரில் 'மராட்டா' நாளிதழைத் தொடங்கினார். அவருடைய தலையங்கத்தைச் சத்தமாகப் படிக்க ஒருவர், சுற்றி நின்று கேட்கப் பத்துப்பேர் என்று தெருமுனைகளே வாசகசாலைகளாயின.

1957 பொதுத்தேர்தலில் சமிதி வகுத்த முறை தெளிவானது. ஒரு தொகுதிக்கு ஒரே வேட்பாளர். அவர் எந்தக் கட்சியினராகவும் இருக்கலாம். மும்பையுடன் கூடிய மராத்தி மாநிலம் என்ற கோரிக்கையை முதலாவதாக ஏற்றவராக இருக்க வேண்டும். தன் கட்சிக்காரர் நிற்காத தொகுதியில் அடுத்த கட்சிக்காரருக்காகத் தொண்டர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கம்யூனிஸ்டுக்கு இந்து மகாசபைக்காரர் ஓட்டுக் கேட்ட தேர்தல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. புனே நாடாளுமன்றத் தொகுதியில் சமிதியின் நானாசாகேப் கோரே வென்றார். தோற்றவர் சாதாரணமானவர் அல்லர். மத்திய அமைச்சராக இருந்த காகாசாகேப் காட்கில். சுக்ரவார் பேட்டையில் எஸ்.எம். ஜோஷி சட்டமன்றத்துக்கு வென்றார். பம்பாயில் டாங்கேயும், நாசிக்கில் தாதாசாகேப் கெய்க்வாடும், ராஜாப்பூரில் நாத் பையும் நாடாளுமன்றம் போனார்கள். மேற்கு மராட்டியத்தில் காங்கிரஸ் நொறுங்கியது. விதர்பா, மராத்வாடா, குஜராத் பகுதிகளின் பலத்தில்தான் அதனால் ஆட்சியமைக்க முடிந்தது.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் செய்ததும் இதுவே. மார்ஷல் நேசமணியின் தலைமையில், தாய்த் தமிழகத்தோடு இணைப்பு என்ற ஒரே கோரிக்கைக்காக 1954 தேர்தலில் 12 இடங்களை வென்று, அதே ஆண்டு ஆகஸ்ட் 11-இல் துப்பாக்கிச் சூட்டில் தோழர்களைப் பறிகொடுத்து, 1956 நவம்பர் 1-இல் குமரியை மீட்ட வரலாறு நம்முடையது. நாகர்கோவிலும் புனேயும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சான்றில்லை. ஒரே நோய்க்கு இரண்டு ஊர்களும் ஒரே மருந்தைக் கண்டன.

தேர்தல் வெற்றியோடு சமிதி ஓய்ந்துவிடவில்லை. 1957 நவம்பர் 30-இல் பிரதாப்கட் கோட்டையில் சிவாஜி சிலையைத் திறக்க நேரு வந்தார். வழியெங்கும் சமிதியின் கறுப்புக்கொடிகள். எஸ்.எம். ஜோஷி தொண்டர்களுக்கு இட்ட கட்டளை ஒன்றே: ஒரு கல்லும் விழக்கூடாது. பல்லாயிரம் பேர் திரண்ட அந்த நாளில் பிரதமருக்கு ஊறு எதுவும் நேரவில்லை. மலைப்பாதையில் நின்ற அந்தக் கூட்டத்தைக் கண்ட பிறகே டில்லியின் மனம் இளகத் தொடங்கியது என்று மராட்டியப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 1960 மே 1-இல் மும்பையைத் தலைநகராகக் கொண்ட மகாராஷ்டிர மாநிலம் உருவானது. சமிதி கேட்ட பெல்காம் கிடைக்கவில்லை. மாநிலம் அமைந்தபின் சமிதியின் கட்சிகள் தத்தம் வழியில் பிரிந்தன. வந்த வேலை முடிந்ததும் பந்தலைப் பிரிப்பதில் தவறில்லை.

அறுபதுகளில் அந்தப் பாசறையில் பழகியவர்களே நகரை வழிநடத்தினார்கள். 1967-இல் எஸ்.எம். ஜோஷி புனேயிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அதே ஆண்டு நானாசாகேப் கோரே மேயரானார். 1977-இல் அதே கோரே இந்தியத் தூதராக லண்டன் போனபோது, 1885-இன் மூவர் குழுவை நினைத்தவர் எவரேனும் இருந்திருப்பாரா என்று எண்ணத் தோன்றுகிறது.

நெருக்கடி நிலையின் இருண்ட மாதங்களில் எரவாடாச் சிறை நிரம்பி வழிந்தது. புனேயின் காங்கிரஸ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மோகன் தாரியா அதை எதிர்த்து, கட்சியை விட்டு விலகிச் சிறை புகுந்தார். 1977 மார்ச் தேர்தலில் அவர் எதிரணி வேட்பாளராக நின்றார். மராட்டியரைச் சிரிக்கவைப்பதே தொழிலாகக் கொண்ட பு.ல. தேஷ்பாண்டே, எந்தக் கட்சியிலும் சேராத எழுத்தாளர், மேடைக்கு வந்தார். அவருக்கு ஒரு பதவியும் வேண்டியிருக்கவில்லை. பேச்சுரிமை திரும்ப வேண்டும் என்பதற்காக வாக்குக் கேட்டார். நாடகத்துக்குச் சீட்டு வாங்கிப் பார்த்த கூட்டம் இலவசமாகக் கேட்க வந்தது. அதற்கு முன்பே, 1975-இல் கராடில் கூடிய இலக்கிய மாநாட்டில் எழுத்தாளர் துர்கா பாகவத் வெளிப்படையாகக் கண்டனக்குரல் எழுப்பியிருந்தார். தாரியா வென்றார், மத்திய அமைச்சரானார், பின்னர் 'வனராய்' இயக்கத்தைத் தொடங்கி மரம் நடுவதில் மூழ்கினார்.

எண்பதுகள் தொட்டு நகரம் விரிந்தது; குடிமக்களின் அக்கறையும் குன்று, ஆறு, குப்பை, பேருந்து என்று திரும்பியது. குன்றுகளில் கட்டடம் வேண்டாம் என்ற இயக்கம் பல ஆண்டு நடந்தது. 1997-இல் நகரோடு சேர்ந்த கிராமங்களின் குன்றுகளைப் பல்லுயிர்ப் பூங்காவாக ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு மீண்டும் கையெழுத்துகள் திரண்டன. காகாவின் ஊர் அல்லவா! 2004-இலும் 2009-இலும், மாநகராட்சி ஆணையராக இருந்தபோது ஆக்கிரமிப்புகளை அகற்றிப் பெயர்பெற்ற அருண் பாட்டியா நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். படித்த நடுத்தர வர்க்கத்துக் குடிமக்கள் பலர் அவருக்காகத் தெருவில் இறங்கித் துண்டறிக்கை கொடுத்தார்கள். வெற்றி கிட்டவில்லை. மும்பையின் ஜூஹூவில் 2007-இல் குடியிருப்போர் கூடித் தேர்ந்த அடால்ஃப் டிசோஸா மாநகராட்சிக்கு வென்றது, வார்டு அளவில் இது கைகூடும் என்று காட்டியது.

வேட்பாளர்கள் தங்கள் வழக்குகளையும் சொத்துகளையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலும் 2003-இலும் தீர்ப்பளித்தது. 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதை முனைப்புடன் பயன்படுத்திய நகரங்களில் புனே முன்வரிசையில் நின்றது. 2006 முதல், வார்டில் என்ன வேலை நடக்க வேண்டும் என்று குடிமக்களே எழுதித் தரும் பங்கேற்பு பட்ஜெட்டும் இங்கே நடைமுறைக்கு வந்தது. சார்வஜனிக் சபா இன்றும் இயங்குகிறது. 2020-இல் அதற்கு 150 ஆண்டு நிறைவுற்றது.

ராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் தலைமுறைகளாக வாழும் நம் குடும்பங்களுக்கும், கணினி வேலைக்கு வந்து ஹிஞ்சேவாடியிலும் காரடியிலும் குடியேறிய இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் பலருடைய பெயர் இன்னும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கிறது. புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6, முகவரி மாறியவர்களுக்குப் படிவம் 8. இரண்டையும் இணையத்திலேயே நிரப்பலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். இந்த மலரைப் படித்து முடித்த கையோடு, வீட்டிலுள்ள பதினெட்டு வயது நிறைந்த அனைவரின் பெயரும் புனேப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.